எந்தக் குடும்பத்தைப் பற்றிய நூல்?
திருமணம், குடும்பம் குறித்த சமூகவியல் நூல்களைத் தேர்ந்து கற்றல்

முன்னுரை

திருமணத்தையும் குடும்பத்தையும் பற்றிய சமூகவியல் நூல்கள் பல்கலைக்கழக நூலகத்தில் தட்டுத் தட்டாக நிறைந்திருக்கின்றன. இத்துறையில் இடுபணியோ ஆய்வேடோ எழுதப் புகும் மாணவர்கள் அவற்றுள் எதனை முதலில் எடுப்பது எனத் திகைப்பது இயல்பு. அவர்களிற் பலர் இறுதியில் இரண்டு வழிகளுள் ஒன்றைப் பின்பற்றுகின்றனர். அண்மையில் பதிப்பிக்கப்பட்ட, படங்களும் அட்டவணைகளும் நிரம்பிய அமெரிக்கப் பாடநூல் ஒன்றைத் தேர்வது ஒரு வழி. எல்லாரும் மேற்கோள் காட்டும் புகழ்பெற்ற ஒரு பெயரைத் தேர்வது மற்றொரு வழி. இவ்விரண்டும் முற்றிலும் தவறானவை அல்ல. எனினும், இவ்வழிகளில் செல்வோர் கேட்க மறக்கும் வினா ஒன்று உண்டு. 'இந்நூலாசிரியர் எந்தக் குடும்பத்தைக் கண்முன் வைத்து எழுதினார்?' என்பதே அவ்வினா.

நூல் தேர்வு என்பது வெறும் வாசிப்புச் சிக்கல் அன்று. நாம் எந்நூலைக் கையில் கொண்டு செல்கின்றோமோ, அந்நூல் காட்டும் குடும்பமே நமக்கு 'இயல்பான' குடும்பமாகிவிடுகின்றது. அதனின்று வேறுபடுவன யாவும் குறையாகவோ சிதைவாகவோ தோன்றத் தொடங்குகின்றன. பாட்டியின் வீட்டில் வளரும் பிள்ளை, அக்காள் மகளை மணந்த தாய்மாமன், அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து ஒரே அடுப்பில் உண்ணும் உடன்பிறந்தார் ஆகியோரை ஆய்வாளர் எவ்வாறு பதிவு செய்வார் என்பதை அவர் முன்னரே படித்த நூல் பெரிதும் தீர்மானித்துவிடுகின்றது. நூல்களைத் தேர்வதற்குரிய சில அளவுகோல்களைத் தமிழ்க் குடும்பத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நூற்பெயர்களைத் தமிழாக்கியே தந்துள்ளோம். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் துணையாகக் கொண்டு நூலகப் பட்டியலில் அவற்றைத் தேடிப் பெறலாம்.

ஒரு சிறு சோதனை: முறைப்பெயர்கள்

ஒரு நூல் நமக்குப் பயன்படுமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்னும் ஒரு சொல் பெரியப்பாவையும் சித்தப்பாவையும் மாமாவையும் ஒருங்கே குறிக்கின்றது. தமிழில் முதல் இருவரும் தந்தையர். அவர்தம் மக்கள் நமக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை ஆவர். மாமா என்பவரோ வேறு வரிசையைச் சேர்ந்தவர். அவர்தம் மக்கள் மச்சானும் மச்சினியும் ஆவர். அவர்களோடு மணவுறவு கொள்ளும் உரிமையே 'முறை' எனப்படுகின்றது. இதுபோன்றே 'ஆன்ட்டி' என்பதனுள் தாய்க்கு நிகரான பெரியம்மாவும் சின்னம்மாவும் அடங்குவர். மாமியாராகும் உரிமையுடைய அத்தையும் அடங்குவர்.

ஆங்கிலப் பாடநூலிலுள்ள வினாநிரலை அப்படியே பெயர்த்துத் தமிழ்க் குடும்பங்களிடம் கொண்டு சென்றால் நேர்வது யாது? 'கசின்' என்னும் ஒற்றைச் சொல்லின்கீழ், மணக்கத்தக்கவரும் மணக்கத்தகாதவரும் ஒன்றாக எண்ணப்படுவர். பெரியப்பா மகளை மணப்பது தமிழர்க்கு உடன்பிறந்தாளை மணப்பதற்கு ஒப்பாகும். தாய்மாமன் மகளை மணப்பதோ வழிவழி வந்த வழக்கமாகும். இவ்விரண்டையும் ஒரே கட்டத்தில் குறித்துக்கொண்ட ஆய்வேட்டின் எண்ணிக்கைகள் எத்துணைத் துல்லியமாகத் தோன்றினும் அவற்றால் பயன் விளையாது.

ஆகவே, ஒரு நூலைக் கையிலெடுத்ததும் உறவுமுறை பற்றிய இயலைத் திறந்து பார்த்தல் நன்று. உடன்பிறந்த இரு ஆடவரின் பிள்ளைகளையும், உடன்பிறந்த ஆண், பெண் ஆகியோரின் பிள்ளைகளையும் அந்நூல் வேறுபடுத்துகின்றதா என நோக்கலாம். வேறுபடுத்தாத நூல் தீய நூல் என்பதன்று. அது நம் வினாவிற்காக எழுதப்பட்டதன்று என்பதே பொருள்.

பொதுக் கோட்பாட்டு நூல்கள்

உலகக் குடும்பங்களை ஒருசேர நோக்கும் நூல்களுள் வில்லியம் குட் 1963இல் வெளியிட்ட 'உலகப் புரட்சியும் குடும்ப அமைப்புகளும்' இன்றும் எடுத்துப் பேசப்படுகின்றது. மேலைநாடுகள், அரபு நாடுகள், சகாராவிற்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்கா, இந்தியா, சீனா, ஜப்பான் ஆகியவற்றை அந்நூல் ஒப்பிடுகின்றது. தொழில்மயமாதல் பரவப் பரவ, கணவன், மனைவி, மக்கள் ஆகியோரைக் கொண்ட தனிக்குடும்பத்தை நோக்கியே சமூகங்கள் நகர்கின்றன என்பது அதன் மையக் கருத்தாகும். புறப்பட்ட இடமும் வேகமும் சமூகத்திற்குச் சமூகம் வேறுபடும் என்பதையும் அவர் மறுக்கவில்லை. பரந்த ஒப்பீட்டை விரும்புவோர்க்கு இந்நூல் தக்கதாகும்.

ஆனால், இதனைத் தனித்துப் படித்தல் கூடாது. பீட்டர் லாஸ்லெட் பிறருடன் இணைந்து 1972இல் வெளியிட்ட 'கடந்த காலத்தில் மனையும் குடும்பமும்' என்னும் தொகுப்பையும் உடன் வைத்துப் படித்தல் வேண்டும். இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒரு மனையில் வாழ்ந்தோர் சராசரியாக ஐவருக்கும் குறைவு, அஃதாவது ஏறத்தாழ 4.75 பேர், என லாஸ்லெட் காட்டினார். தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு முன்பே அங்கு மனைகள் சிறியனவாக இருந்துள்ளன. 'முன்பு கூட்டுக்குடும்பம், இன்று தனிக்குடும்பம்' என்று நாம் எளிதாகக் கூறிவிடும் வரலாறு, அதன் தாயகமாகக் கருதப்படும் நாட்டிலேயே ஐயத்திற்குரியதாகின்றது.

இந்தியாவைப் பொறுத்தவரை இவ்வையத்தை மேலும் கூர்மையாக்கியவர் ஏ. எம். ஷா ஆவார். குஜராத்திலுள்ள ஒரு சிற்றூரின் 19ஆம் நூற்றாண்டுப் பதிவேட்டையும் தம் களஆய்வையும் ஒப்பிட்ட அவர், 'மனை' வேறு, 'குடும்பம்' வேறு என வலியுறுத்தினார். ஒரு கூரையின்கீழ் வாழ்வோரின் எண்ணிக்கையைக் கொண்டு குடும்ப உறவின் வலிமையை அளக்கவியலாது. இன்று தனித்து வாழும் இணையர் நாளை மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வாழ்வர். பின்னர் அம்மனை மீண்டும் பிரியும். ஒரு நாளில் எடுக்கும் கணக்கு, சுழன்றுகொண்டிருக்கும் ஒன்றின் ஒரு நிலையை மட்டுமே காட்டும்.

இவ்வேறுபாடு மலேசியத் தமிழர்க்கு மிகவும் இன்றியமையாதது. இரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர்க்கு வீடு வழங்கியது நிருவாகம். லயத்து வீட்டின் அளவு குடும்பத்தின் விருப்பத்தால் அமைந்ததன்று. சிறிய அறையும் முன்கூடமும் கொண்ட அவ்வீட்டில் வாழ்ந்தோரைக் கணக்கெடுத்தால் அது தனிக்குடும்பமாகவே தோன்றும். அதே லயத்தில் நான்கு வீடு தள்ளி மாமனும், எதிர் லயத்தில் பெரியப்பாவும் வாழ்ந்திருக்கலாம். குட்டின் நூலை மட்டும் படித்தவர் அங்குத் தொழில்மயத்தின் விளைவான தனிக்குடும்பத்தைக் காண்பார். ஷாவையும் படித்தவர், சுவர்களால் பிரிக்கப்பட்ட ஓர் உறவுக் கூட்டத்தைக் காண்பார்.

தென்னிந்திய உறவுமுறை நூல்கள்

தமிழ்க் குடும்பத்தை நேரடியாக ஆராய விழைவோர்க்கு முதல் வாயிலாக அமைவது இராவதி கார்வே 1953இல் வெளியிட்ட 'இந்தியாவில் உறவுமுறை அமைப்பு' என்னும் நூலாகும். இந்தியாவை வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு என நான்கு மண்டலங்களாகப் பகுத்து அவற்றின் உறவுமுறைகளை அவர் விளக்குகின்றார். வடக்கில் மணப்பெண் அறியாதார் இல்லத்திற்குச் செல்கின்றாள். தெற்கில் அவள் பெரும்பாலும் முன்பே அறிந்த உறவினர் இல்லத்திற்குச் செல்கின்றாள். இவ்வேறுபாடு பெண்ணின் அன்றாட வாழ்வையே மாற்றியமைக்கின்றது என்பது கார்வே வழங்கிய தெளிவாகும்.

லூயி துய்மோன் 1957இல் வெளியிட்ட 'தென்னிந்திய உறவுமுறையில் படிநிலையும் மணவுறவும்' அளவிற் சிறிய நூல், ஆயினும் கடினமானது. பிறமலைக் கள்ளரிடையே களஆய்வு செய்த அவர், தமிழ் உறவுமுறையில் மணவுறவு ஒரு தலைமுறையோடு முடிவதன்று என வாதிட்டார். தந்தைவழிச் சொத்தைப் போன்றே மைத்துன உறவும் மரபாக இறங்கி வருகின்றது. என் தந்தையின் மைத்துனர் எனக்கு மாமன். அவர் மகன் எனக்கு மச்சான். பங்காளி ஒருபுறமும் மாமன் மச்சான் மறுபுறமுமாக அமையும் இவ்வமைப்பைத் தமிழர் அறிவர். ஆயினும் அதனைக் கோட்பாடாகக் காண்பதற்கு இந்நூல் துணைபுரியும். தாமஸ் டிரவுட்மன் 1981இல் வெளியிட்ட 'திராவிட உறவுமுறை' இதனை வரலாற்றுடன் இணைக்கின்றது. சோழர்க்கும் கீழைச் சாளுக்கியர்க்கும் இடையே தலைமுறைதோறும் தொடர்ந்த மணவுறவை நினைவிற்கொண்டால் இதன் பயன் விளங்கும். இராசராச நரேந்திரன் தன் தாய்மாமனாகிய முதலாம் இராசேந்திரனின் மகளை மணந்தான். அவர்தம் மகனாகிய முதலாம் குலோத்துங்கனும் தன் தாய்மாமனாகிய இரண்டாம் இராசேந்திரனின் மகளை மணந்தான். முறை மணம் இல்லத்தின் வழக்கமாக மட்டுமன்றி அரசியலின் கருவியாகவும் விளங்கியமை நோக்கத்தக்கது.

மேற்கண்ட நூல்கள் அமைப்பைக் காட்டுகின்றன. மனிதரின் உணர்வைப் பெரிதும் காட்டுவதில்லை. அக்குறையை நிறைவு செய்வது மார்கரெட் டிராவிக் 1990இல் வெளியிட்ட 'ஒரு தமிழ்க் குடும்பத்தில் அன்பு பற்றிய குறிப்புகள்' ஆகும். ஒரே ஒரு குடும்பத்தோடு வாழ்ந்து எழுதப்பட்ட நூல் இது. அன்பு என்பது வெளிப்படையாகக் காட்டப்படாமல் அடக்கமாகவும் பழக்கமாகவும் எளிமையாகவும் அடிமைத்தன்மையாகவும் வெளிப்படுவதை அது விளக்குகின்றது. உடன்பிறந்தோரிடையே உள்ள பற்றுத் தம் பிள்ளைகளின் மணத்தில் மீண்டும் இணைய விழைவதாக அவர் காண்பது சிந்தனைக்குரியது. ஆயினும், ஒரு குடும்பத்தின் சான்றை ஓர் இனத்தின் இயல்பாகக் கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கையோடு இதனைப் படித்தல் வேண்டும்.

அன்பின் மறுபக்கத்தில் பொருளியலும் உண்டு. கரின் கபாடியா 1995இல் வெளியிட்ட 'சிவாவும் அவள் சகோதரியரும்', திருச்சி மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நிகழ்த்திய களஆய்வின் பயனாகும். முன்பு பரிசம் கொடுத்துச் சொந்தத்தில் பெண் எடுத்த பிராமணரல்லாத சாதியினர், படித்துச் சம்பள வேலைக்குச் செல்லும் மாப்பிள்ளைகளைத் தேடத் தொடங்கியதும் வரதட்சணைக்கு மாறினர் என்பதை அவர் எடுத்துக்காட்டுகின்றார். இம்மாற்றத்தால் பெண்ணின் மதிப்புத் தாழ்ந்தது என்பது அவர் முடிபு. வயல்வேலை செய்யும் பள்ளர் பெண்களின் பார்வைக்கும் அந்நூலில் இடமுண்டு. துய்மோன் காட்டாத பெண்ணின் நிலையையும் வர்க்க வேறுபாட்டையும் கபாடியாவிடம் காணலாம். இசபெல் கிளார்க்-தெசே 2014இல் வெளியிட்ட 'உரிய துணை' என்னும் நூல், முறை மணம் அருகிவரும் காலத்தில் அது மனிதரிடையே விட்டுச்செல்லும் ஏக்கத்தையும் மனத்தாங்கலையும் ஆராய்கின்றது.

நெருங்கிய இரத்த உறவில் மணம் செய்வதால் பிறக்கும் மக்களுக்குச் சில மரபுவழி நோய்கள் ஏற்படும் வாய்ப்புக் கூடும் என மருத்துவம் எச்சரிப்பதை நாம் புறந்தள்ளவில்லை. சமூகவியல் நூலின் பணி வழக்கத்திற்கு வழக்குரைப்பதன்று. அது ஏன் நிலைத்தது, ஏன் மாறுகின்றது என விளக்குவதே அதன் பணியாகும்.

மலாயாத் தோட்டமும் திருமணச் சட்டமும்

தமிழகத்தைப் பற்றிய நூல்களை அப்படியே மலேசியத் தமிழருக்குப் பொருத்துவதும் அமெரிக்க நூலைப் பொருத்துவது போன்ற பிழையேயாகும். கடல் கடந்து வந்தோர் உறவு முழுவதையும் உடன் கொண்டுவரவில்லை. தொடக்கத்தில் வந்தோருள் ஆடவரே மிகுதி. கங்காணி முறையில் ஓர் ஊராரும் உறவினரும் சேர்ந்து வந்தமையால் சில தோட்டங்களில் உறவுக் கூட்டங்கள் உருவாயின. 1938இல் இந்திய அரசு, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதனையடுத்துப் போர்க்காலமும் வந்தது. தாயகத்திலிருந்து பெண்ணெடுக்கும் வழி இவற்றால் சுருங்கவே, முறைப்பெண்ணைத் தோட்டத்திலோ அண்டைத் தோட்டத்திலோ தேட வேண்டியிருந்தது. 'முறை' என்பது அச்சூழலில் எவ்வாறு நெகிழ்ந்தது என்பதே மலேசிய ஆய்வாளர் கேட்க வேண்டிய வினாவாகும்.

இதற்கு இன்றியமையாத நூல், ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட 'மலாயாத் தோட்ட எல்லையில் தென்னிந்தியர்' என்பதாகும். 1960களின் தொடக்கத்தில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் தங்கி எழுதப்பட்ட இந்நூல், உறவையும் மனையையும் சாதியையும் தொழில் அமைப்போடு சேர்த்தே நோக்குகின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் நகர மேம்பாட்டிற்காக விற்கப்பட்டும் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், அந்நூலை இன்றைய நிலையின் படமாகக் கொள்ளலாகாது. இன்றைய மாற்றத்தை அளப்பதற்குரிய தொடக்கப் புள்ளியாகவே அதனைக் கொள்ளுதல் தகும்.

சமூகவியல் மாணவர் பெரும்பாலும் தொடாத மற்றொரு நூல் சட்டநூலாகும். 1976ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிமல்லாதார்க்கு ஒருதார மணத்தையும் திருமணப் பதிவையும் அது கட்டாயமாக்கியது. அதன் 11ஆம் பிரிவு நெருங்கிய உறவினரிடையே மணத்தைத் தடுக்கின்றது. எனினும், இந்துக்கள் தம் வழக்கப்படி சகோதரியின் மகளையோ தாயின் சகோதரனையோ மணப்பதை அப்பிரிவு தடுக்காது என அதே இடத்தில் விலக்களிக்கப்பட்டுள்ளது. பல அயல்நாட்டுப் பாடநூல்கள் விந்தையாகக் குறிப்பிடும் உறவை நாட்டின் சட்டம் பெயர் சுட்டி ஏற்றுள்ளது. இதனை அறியாத ஆய்வாளர், தாய்மாமனை மணந்த பெண்ணைச் சந்திக்கும்போது அவளைச் சட்டத்திற்குப் புறம்பான வாழ்வினள் எனவும் கருதிவிடக்கூடும்.

திருமணப் பதிவும் ஆய்வாளரைத் தடுமாறச் செய்வதாகும். நம்மிடையே பலர் பதிவுத் திருமணத்தை முதலில் செய்து, பல மாதங்கள் கழித்துக் கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டுகின்றனர். அரசின் கணக்கில் அவர்கள் பதிவு நாளிலேயே கணவன் மனைவியர். வீட்டாரின் கணக்கிலோ தாலி ஏறும் வரை அவர்கள் மணமாகாதவர். இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் பிரிந்தால் அது மணவிலக்கா, நின்றுபோன நிச்சயமா? சட்டத்திற்கு ஒரு விடையும் உறவினர்க்கு வேறு விடையும் உண்டு. புள்ளிவிவர நூலைப் படிப்போர் இவ்விரு கணக்குகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை உணர்தல் வேண்டும்.

பெண்ணின் உழைப்பு: ஒரு சான்று

பொருத்தமற்றதாகத் தோன்றும் நூலையும் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்கு ஆர்லி ஹாக்சில்ட் 1989இல் வெளியிட்ட 'இரண்டாம் பணிமுறை' நல்ல சான்றாகும். வேலைக்குச் செல்லும் அமெரிக்க இணையரை நேர்கண்டு எழுதப்பட்ட இந்நூல், சம்பள வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு பணிமுறை காத்திருக்கின்றது எனக் காட்டுகின்றது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாத அளவு உழைப்பு அவள்மீது கூடுதலாக விழுகின்றது என்பது அவர் கணிப்பு.

இந்நூலின் பின்னணி, இல்லத்தரசியாக இருந்த பெண் வேலைக்குச் செல்லத் தொடங்கிய மாற்றமாகும். தோட்டத் தமிழ்ப்பெண்ணின் வரலாறோ வேறு. அவள் தொடக்கம் முதலே கூலி பெற்று உழைத்தவள். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பால்மரம் சீவச் சென்றவள். அவளைப் பொறுத்தவரை வேலைக்குச் செல்வது விடுதலையின் அடையாளமாகத் தொடங்கவில்லை. ஆகவே, அந்நூலின் விடையை நாம் கடன் வாங்கவியலாது. அதன் வினாவைக் கடன் வாங்கலாம். 'வேலை முடிந்து வந்தபின் வீட்டில் யார் என்ன செய்தார்?' என்று நம் பாட்டியரிடம் கேட்டுப் பதிவு செய்தால், எந்நூலிலும் இல்லாத செய்திகள் கிடைக்கும்.

தேர்விற்குரிய வழிமுறைகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நூலைத் தேரும்போது நான்கு செய்திகளைக் கருத்திற்கொள்ளலாம்.

முதலாவது, வரையறை. 'குடும்பம்', 'திருமணம்' ஆகியவற்றை நூல் எவ்வாறு வரையறுக்கின்றது என முதல் இயலிலேயே பார்த்தல் வேண்டும். ஜார்ஜ் மர்டாக் 1949இல், 250 சமூகங்களை ஆராய்ந்து தனிக்குடும்பம் எங்கும் உள்ளது என்றார். கேத்லின் காஃப் 1959இல் கேரளத்து நாயர்களின் பழைய வழக்கத்தைச் சான்றாகக் காட்டித் திருமணத்தின் வரையறையையே மீளாய்வு செய்தார். அங்குக் கணவன் மனைவியின் இல்லத்தில் வாழ்பவனல்லன். வரையறையைக் கடந்து நேரே முடிவுரைக்குச் செல்வோர் ஏமாற்றமடைவர்.

இரண்டாவது, களமும் காலமும். நூல் வெளிவந்த ஆண்டை மட்டுமன்றிக் களஆய்வு நிகழ்ந்த ஆண்டையும் குறித்துக்கொள்ளுதல் நன்று. இவ்விரண்டிற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்திருத்தல் உண்டு.

மூன்றாவது, பேசுவோர் யாவர் என்பது. ஆடவரிடம் மட்டும் கேட்டு எழுதப்பட்டதா, பெண்களிடமும் கேட்கப்பட்டதா? நிலமுடையோர் கூறியதா, கூலி வேலை செய்வோர் கூறியதா? ஜெசி பெர்னார்ட் 1972இலேயே, ஒவ்வொரு திருமணத்தினுள்ளும் கணவனின் திருமணம், மனைவியின் திருமணம் என இரண்டு உள்ளன என வாதிட்டார். ஒன்றை மட்டும் கேட்ட நூல் பாதி நூலேயாகும்.

நான்காவது, இணைத்துப் படித்தல். எந்நூலையும் தனித்துப் படிக்காமல் அதனை மறுக்கும் அல்லது நிறைவு செய்யும் நூலோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். குட்டை ஷாவோடும், துய்மோனைக் கபாடியாவோடும், டிராவிக்கை ஜெயினோடும் இணைக்கலாம். முதன்முதலாக இத்துறைக்கு வரும் இளங்கலை மாணவர்க்குப் பட்ரீசியா உபெராய் 1993இல் தொகுத்த 'இந்தியாவில் குடும்பம், உறவுமுறை, திருமணம்' போதிய வாயிலாகும். பல அறிஞர்தம் கட்டுரைகளை ஒரே நூலில் கொண்டிருப்பதால் கருத்து வேறுபாடுகளையும் அதிலேயே காணலாம்.

முடிவுரை

சிறந்த நூல் எது என்னும் வினாவிற்குப் பொதுவான விடை இல்லை. எந்த வினாவிற்கு, எந்தக் குடும்பத்திற்கு என்பன தெளிவான பின்னரே அவ்வினா பொருளுடையதாகின்றது. ஆய்வாளரின் முடிபுகள் ஆய்வேட்டோடு நிற்பதில்லை. அவை அறிக்கைகளாகவும் பரிந்துரைகளாகவும் மாறி, ஆசிரியர், நல்வாழ்வு அதிகாரி, திருமண ஆலோசகர் ஆகியோரின் கைகளை அடைகின்றன. பாட்டியிடம் வளரும் பிள்ளையைச் 'சிதைந்த குடும்பத்துப் பிள்ளை' என்று எழுதுவதா, 'உறவினர் பொறுப்பேற்றுக் காக்கும் பிள்ளை' என்று எழுதுவதா என்பது வெறும் சொல் வேறுபாடன்று. அப்பிள்ளை எவ்வாறு நடத்தப்படும் என்பதை அச்சொல்லே முடிவு செய்துவிடக்கூடும். எனவே, மாணவர்கள் நூலகத் தட்டின்முன் நிற்கும்போது நூலின் புகழை நோக்குவதற்கு முன், தாம் ஆராயப் புகும் இல்லத்தில் யார் யாரை என்ன முறை சொல்லி அழைக்கின்றனர் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நலம். அத்தாளிலுள்ள சொற்களுக்கு இடமளிக்கும் நூலே அவர்கள் முதலில் எடுக்க வேண்டிய நூலாகும்.